பாம்புக்கூட்டின் மேல் ஒரு தட்டு மோர்மிளகாய்

1. காலை 6.40: வேலைக்குப் போகமுன் கூட்டைப் பார்த்தேன். சூடான பக்கம் 31 பாகை, குளிர்ந்த பக்கம் 26. ஈரப்பதன் 64. பாம்பு மேல்தட்டில் சுருண்டிருந்தது.
2. காலை 10 மணியளவில்: வெப்பத்தை அளக்கும் சென்சர் கூட்டுக்கு வெளியே வந்தது.
3. 10 முதல் 16.10 வரை: இரண்டு ஹீட்டர்களும் நிற்காமல் வேலை செய்தன.
4. 16.10: வீட்டுக்கு வந்தேன். மேல்தட்டு 47 பாகை, குளிர்ந்த பக்கத்துத் தரை 38.
5. 16.12: மின்சாரத்தை நிறுத்தினேன். கண்ணாடிக் கதவுகளைத் திறந்தேன். பாம்பு கதவு இடுக்கில் மூக்கை வைத்து வாயைத் திறந்தபடி கிடந்தது. முதுகில் ஒரு சாண் நீளத்துக்குச் செதில்கள் பழுப்பு நிறம்.
6. 16.20: மெல்லிய சூடுள்ள தண்ணீரில் துவாய்களை நனைத்துச் சுற்றினேன்.
7. 16.50: காரில் புறப்பட்டோம்.

இதை ஓகூஸ் நகரில், மிருக வைத்தியரின் காத்திருப்பு அறையில் நீண்ட வாங்கில் உட்கார்ந்து, டெனிஷ் மொழியில் கைபேசியில் தட்டினேன். நேரத்தோடு எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்று வைத்தியர் கேட்டிருந்தார். பக்கத்தில் அப்பா, மடியில் கைகளை வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். இரண்டாவது வரியில் என் விரல் கொஞ்சம் நின்றது. நேரம் தெர்மோஸ்டாட்டின் பதிவில் இருந்தது. சென்சர் தானாக வெளியே வராது. ஆனாலும் அப்படித்தான் எழுதினேன். என் வேலையிடத்தில் பழுது அறிக்கைகளில் ஆட்களைக் குறிப்பிடுவதில்லை. வால்வு திறந்திருந்தது என்று எழுதுவோம். திறந்தவர் யார் என்று எழுதமாட்டோம். அந்தப் பழக்கம் அன்று எனக்கு வசதியாகப் போயிற்று.

நான் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் பிறந்து வளர்ந்தவள். வயது இருபத்தாறு. அம்மா அப்பாவோடு இருக்கிறேன். தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கட்டுவதும் அவற்றில் வரும் பிழைகளைத் தேடிப்பிடிப்பதும் என் தொழில். ஒன்றை அளந்து, அளவுக்கு ஏற்ப இன்னொன்றை இயக்கி நிறுத்தும் பெட்டிகள். பாம்புக்கூட்டின் தெர்மோஸ்டாட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. எனக்குத் தெரியாத சாமான் அல்ல.

பாம்பு எங்களுடையதல்ல. அப்பாவின் சிநேகிதருடையது. அவர் டெனிஷ்காரர், எண்பதைத் தாண்டியவர். இறைச்சித் தொழிற்சாலையில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் அவரும் அப்பாவும் பதினாறு வருடம் நின்றிருக்கிறார்கள். காதில் அடைப்பான், சுற்றிலும் இயந்திரச் சத்தம். கதைக்க வழியில்லாததால் கையால் கதைத்துப் பழகியவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அப்பா புதன்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டில் ஒழுங்காகச் சூடாக இருந்தது பாம்பின் அறை மட்டும்தான் என்பதால், இருவரும் அங்கேயே கதிரை போட்டுக் கோப்பி குடிப்பார்கள். இரண்டு மீற்றருக்கு மேல் நீளமான போவா, மலைப்பாம்பு மாதிரி விஷமில்லாத இனம். பெண் பாம்பு. அந்த வீட்டில் யாரும் அதை ‘அது’ என்று சொன்னதில்லை, ‘அவள்’தான்.

“இவளின்ர அப்பா முதல்நாள் அதைக் கண்டு கதிரைக்கு மேல ஏறி நிண்டவர். பாம்புக்காரன் வந்து இறக்கிவிட்டவனாம்” என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவார். அப்பா மறுத்ததில்லை.

போன வருடம் இளவேனிலில் அந்த மனிதர் விழுந்து இடுப்பெலும்பை முறித்தார். வீட்டுக்குத் திரும்ப முடியாது, முதியோர் இல்லம்தான் என்று முடிவானது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க அப்பாவோடு நானும் போயிருந்தேன். அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “அவளுக்குப் பத்தொன்பது வயது. இந்த வயதில் யாரும் எடுக்கமாட்டார்கள். வைத்தியரிடம் கடைசி ஊசிக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.”

அப்பா தன் நெஞ்சில் கையை வைத்து, “இல்லை. எங்கள் வீடு. நான்” என்றார். அப்பாவின் டெனிஷ் அவ்வளவுதான்.

“அவள் இன்னும் பத்து வருடம் இருப்பாள்” என்றார் அவர்.

“பத்து வருடம்” என்றார் அப்பா. கைகொடுத்தார்கள்.

காரில் நான் கேட்டேன். “அம்மாட்டக் கேட்டனீங்களோ அப்பா?”

“சொல்லிப்போட்டன்.”

“அதைத்தான் கேக்கிறன். அம்மா என்ன சொல்லுவா?”

“நான் சொல்லிப்போட்டன் பிள்ளை. கையும் குடுத்தாச்சு. அந்தாளுக்கு வேற ஆர் இருக்கினம்?”

அம்மா ஒரு நாள் முழுக்க அப்பாவோடு கதைக்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “நீதானே எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுறனி, இதையும் எழுது” என்று நான்கு நிபந்தனைகள் சொன்னார். பாம்புக்குச் சாப்பாடாக வாங்கும் எலிகள் குசினி ஃப்ரீசருக்குள் வரக்கூடாது. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி நாட்களிலும் அதற்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது. அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். “நான் அதைத் தொடவும் மாட்டன், பாக்கவும் மாட்டன். கண்டறியாத பாம்பு.” நான்காவதை எழுதச் சொல்லி, எழுதினேனா என்று எட்டிப் பார்த்தார்.

பழைய கூடு ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. புதிதாகக் கட்டினேன். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில், மூன்று வார இறுதிகள். நீளம் இரண்டு மீற்றர் இருபது, அகலமும் உயரமும் எண்பது சென்ரிமீற்றர். மெழுகுப் பூச்சுப் பலகை, மூலைகளில் சிலிக்கோன், முன்னால் பூட்டுடன் நகரும் கண்ணாடி. ஒரு முனையில் கூரையோடு இரண்டு பீங்கான் ஹீட்டர்கள். வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருபவை, கம்பிக் கூண்டுக்குள். அதற்குக் கீழே அவள் படுக்க ஒரு தட்டு. மறுமுனையில் சூடு இல்லை, தண்ணீர்த் தொட்டி மட்டும். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது. வேண்டியபோது இங்கே வரும், போதுமென்றால் அங்கே போகும். அப்படிப் போக ஒரு குளிர்ந்த இடம் கட்டாயம் இருக்க வேண்டும். கூடு கட்டுவதில் மிச்சமெல்லாம் தச்சுவேலை.

சாமான் பட்டியலில் பன்னிரண்டு வரிகள். பதினோராவது வரி: தனியான இரண்டாவது தெர்மோஸ்டாட். முதலாவது பழுதானால், 36 பாகையில் மின்சாரத்தை வெட்டிவிடும். கடையில் அன்று இருக்கவில்லை. அந்த வரிக்கு எதிரே ‘பிறகு’ என்று எழுதினேன். வேலையிடத்தில் அப்படியொரு காப்பு இல்லாத பெட்டியை நான் வெளியே விடமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். வீட்டில் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

சென்சரை நான் ஆணியால் இறுக்கவுமில்லை. அதன் வயர் கூரையின் காற்றோட்டக் கம்பிவலை மூலையால் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் கொளுக்கியில் நின்றது. சுத்தம் செய்யும்போது எடுக்க வசதியாக இருக்கும் என்று வயரில் கொஞ்சம் மிச்சமும் விட்டிருந்தேன். மேலே இருந்து மெல்ல இழுத்தால் வந்துவிடும்.

இதை அம்மாவுக்குக் காட்டியதும் நான்தான். பாம்பு வரமுன், கூடு வெறுமையாக இருந்த நாளில், அம்மா வாசலில் நின்று, “உது கடும் சூடாகி வீடு எரியாதோ?” என்று கேட்டார். எரியாது என்று காட்டுவதற்காகச் சென்சரை என் உள்ளங்கைக்குள் பொத்தினேன். ஹீட்டர் வேலை செய்வதைக் காட்டும் பச்சை வெளிச்சம் அணைந்தது. “பாருங்கோ, சூடு காணும் எண்டு அது நினைக்குது. நிப்பாட்டிப்போட்டுது.” கையை விட்டேன். சென்சர் ஆறியதும் வெளிச்சம் மீண்டும் வந்தது. “இப்ப குளிருது எண்டு நினைக்குது.”

அம்மா உள்ளே வந்து தானும் பொத்திப் பார்த்தார். மூன்று தரம். “கெட்டிக்காரச் சாமான். ஆனா அதுக்கு அதின்ர உடம்புச் சூடுதான் தெரியும் என்ன?” என்றார்.

“ஓம். அது எங்க கிடக்குதோ அந்த இடத்துச் சூடுதான் தெரியும்.”

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. நான் செய்யும் வேலை என்னவென்று அம்மாவுக்கு முதல்தடவையாக விளங்கியது என்று நினைத்தேன். விளங்கித்தான் இருந்தது.

பாம்பு வந்து ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்பா புதனும் ஞாயிறும் முதியோர் இல்லத்துக்குப் போய், கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டுவார். மாதத்தின் முதல் நாளில் நான் அவளைச் சாக்கில் போட்டு நிறுத்து, எடையைச் சொல்லி அனுப்புவேன். பெரியவர் அதைத் தன் சின்னக் கொப்பியில் எழுதிவைப்பாராம். பத்தொன்பது வருடக் கணக்கும் அதில் இருந்தது.

ஒக்டோபரில் அம்மா மோர்மிளகாய் போடத் தொடங்கினார். இங்கே அது வருடா வருடம் நடக்கும் போராட்டம். மிளகாயைக் கீறித் தயிரிலும் உப்பிலும் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, மாலையில் திரும்பத் தயிருக்குள் போட்டு, இப்படி நாலைந்து நாள். வெயில் இருந்தால் சுலபம். இந்தக் கரையில் ஒக்டோபரில் இருப்பது காற்றும் ஈரமும். அம்மா அறையைச் சூடாக்கும் ரேடியேற்றர் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார், குசினி அவணின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தும் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் பாதிக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒருநாள் வேலையால் வந்தபோது வீட்டில் தயிர் புளித்த மணமும் மிளகாய் மணமும். கூட்டின் மேல் ஒரு அலுமினியத் தட்டு. தட்டில் மிளகாய்கள் வரிசையாக.

“அந்த அறைக்குள்ள போகமாட்டன் எண்டு ஆரோ சொன்னவை” என்றேன்.

“நான் பாம்பைப் பாக்கேல்லை. மேலதான் பாத்தனான்.”

“லிஸ்டில கிடக்கு அம்மா. நாலாவது.”

“லிஸ்டில தொடமாட்டன், பாக்கமாட்டன் எண்டுதான் கிடக்கு. அது கீழ இருக்கு, நான் மேல. மாடிவீட்டுச் சனம் மாதிரி.” அப்பா சிரித்ததில் கோப்பி புரைக்கேறியது.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை, அளந்தேன். தட்டுக் காற்றோட்டத்தைப் பாதி மூடினால் ஈரப்பதன் மூன்று கூடியது, வெப்பம் மாறவில்லை. “வலைக்கு மேல மட்டும் வையாதேங்கோ” என்று சொல்லி அனுமதி கொடுத்தேன். அம்மா அந்த அறைக்குள் பயமில்லாமல் போய் வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது தட்டு மூன்று நாளாகியும் காயவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்திருந்தது: கூடு 31க்கு வந்ததும் ஹீட்டர் நின்றுவிடும். மிளகாய்க்கு அது போதாது. அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா சென்சரைக் கொளுக்கியிலிருந்து கழற்றி, மேலே இழுத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தட்டை வலைக்கு மேலே நகர்த்தினார். அரை மணித்தியாலம் என்று நினைத்துத்தான். அவர் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒருவர் சுகமில்லாமல் நின்றுவிட்டார், உடனே வர முடியுமா? அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

சென்சர் அறையின் இருபது பாகையில் கிடந்தது. குளிருது, குளிருது என்று ஆறு மணித்தியாலம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா காலையிலேயே சைக்கிளில் போய்விட்டார். மத்தியானத்திலிருந்து முதியோர் இல்லத்தில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்தார்.

நான் பார்த்ததை மேலே வரிசையாக எழுதியிருக்கிறேன். எழுதாதது ஒன்று: தெர்மோஸ்டாட்டின் திரையில் 20 என்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மிருகம் வெந்துகொண்டிருக்க, என் கருவி அறையின் வெப்பத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

மீன் அடைத்து வரும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அவளை வைத்து, நானும் அப்போதுதான் வந்த அப்பாவும் காருக்குத் தூக்கிக்கொண்டு போகையில் அம்மா வேலையால் வந்தார்.

“என்ன நடந்தது?”

“சென்சர் வெளியில கிடந்தது” என்றேன்.

அம்மா கையால் வாயைப் பொத்தினார். அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரின் பின்கதவை மூடினார்.

ஓகூஸ் வரை ஒன்றே முக்கால் மணித்தியாலம். அப்பா ஒரே ஒரு தரம் கதைத்தார். “கிழவன் இண்டைக்கும் கேட்டவன், எப்பிடி இருக்கிறாள் எண்டு. நல்லா இருக்கிறாள், சாப்பிட்டவள் எண்டு சொன்னனான். ரெண்டு மணி இருக்கும்.”

வைத்தியர் இளம் பெண், அவசரப்படாதவர். உயிர் தப்பலாம், இப்போது சொல்ல முடியாது என்றார். தீக்காயம் தசைவரை போயிருக்கிறது. களிம்பு தினமும். கூட்டில் விரித்திருக்கும் மரப்பட்டைக்குப் பதில் வெறும் பத்திரிகைத்தாள். மூன்று நாளைக்கு ஒரு அன்ரிபயோடிக் ஊசி, ஏழு ஊசி, உடம்பின் முன்பாதியில். “நீங்களே வீட்டில் போடலாம். பிடிக்க ஒருவர், போட ஒருவர்.” என் பட்டியலை வாசித்து, “சென்சர் எப்படி வெளியே வந்தது?” என்று கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன்.

திரும்பி வந்தபோது கூட்டின் மேல் தட்டு இல்லை. மிளகாய் முழுவதும் குப்பைத்தொட்டியில். அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

“அரை மணித்தியாலம் எண்டுதான்...” என்று தொடங்கினார். பிறகு குரல் மாறியது. “நீதானே காட்டினனி. குளிர்ந்தா எரியும் எண்டு நீதானே சொன்னனி.”

“வெளியில எடுங்கோ எண்டு சொன்னனானோ?”

“எடுக்கக்கூடாது எண்டும் சொல்லேல்லை. உனக்கு எடுக்கேலாத மாதிரிச் செய்யத் தெரியாதோ? படிச்சனிதானே.”

 கோபத்தில் சொன்னாலும், என் வேலையிடத்து மேலாளர் சொல்லியிருக்கக்கூடிய அதே வசனம் அது. அப்பா சாப்பிடாமல் படுக்கப் போனார்.

முதலாவது ஊசியை நான் போட முயன்றேன்.  செதில்களுக்கு இடையில் ஊசி இறங்க மறுத்தது, அவள் என் கைகளுக்குள் இறுகிச் சுருண்டாள். அப்பா தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்தார்.

“தா இஞ்ச. நான் பன்ரெண்டு வருசமா எனக்கு நானே இன்சுலின் போடுறன்.” சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றினார். இடதுகைப் பெருவிரலால் ஒரு செதிலை மெல்ல ஒதுக்கினார். பாம்பின் முகத்தைப் பார்க்கவில்லை. “சரி, சரி, முடிஞ்சுது” என்று டெனிஷில் சொன்னார். ஏன் டெனிஷில் என்று கேட்டதற்கு, “அதுக்குத் தமிழ் தெரியுமே?” என்றார். பிறகு சவர்க்காரத்தால் நெடுநேரம் கை கழுவினார். ஏழு ஊசியும் அம்மாதான் போட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா செப்டெம்பரில் எடுத்த படமொன்றைப் பெரியவருக்குக் காட்டினார். நானும் அறையில் இருந்தேன். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். திரும்பும் வழியில் நான் சொன்னேன், “அப்பா, சொல்லவேணும்.”

“காயம் மாறினாப்பிறகு சொல்லுவம்.”

“மாறாட்டி?”

“மாறாட்டிச் சொல்லி என்ன செய்யிறது? அந்தாள் கட்டில்ல இருந்துகொண்டு என்ன செய்யும்? நான் பொறுப்பெடுத்தனான். இதையும் நான்தானே சுமக்கவேணும்.”

புதன்கிழமை இன்னொரு பழைய படம். அடுத்த ஞாயிறு நொவெம்பரின் தொடக்கம். பெரியவர் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். அப்பாவிடம் அல்ல, என்னிடம் கேட்டார். “எத்தனை கிலோ?”

போன மாதத்து எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அப்பா அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் முதல்நாள் எடை பார்த்திருந்தேன். எண் எனக்குத் தெரியும். தெரிந்த அளவை மாற்றிச் சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை.

“ஏழு கிலோ நானூறு.”

அவர் எழுதவில்லை. மேலே இருந்த எண்ணைப் பார்த்தார். எட்டு கிலோ நூறு. “அவளுக்கு என்ன செய்தீர்கள்?” என்றார்.

சொன்னேன். 47 பாகை. தீக்காயம். ஊசிகள். இரண்டாவது தெர்மோஸ்டாட்டை நான் பூட்டவில்லை என்பதையும், அது என் பிழை என்பதையும் சொன்னேன். சென்சர் வெளியே எடுக்கப்பட்டிருந்தது என்று சொன்னபோது, “யார்?” என்று கேட்டார். 

“என் மனைவி” என்றார் அப்பா.

தெளிவான, பிழையில்லாத டெனிஷ். இரண்டு கிழமை அம்மாவிடம் ஒரு வார்த்தை குற்றம் சொல்லாத மனிதர், வெளியாள் ஒருவரின் கட்டிலுக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். “முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். “அவளைக் கொண்டுவாருங்கள்.”

முதியோர் இல்லத்துக்குள் மிருகங்களுக்கு அனுமதி இல்லை. அடுத்த ஞாயிறு காரைத் தரிப்பிடத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போட்டு, உள்ளே 28 பாகை வரும்வரை காத்திருந்தோம். அம்மாவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி இருந்தார். அப்பா சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா சொன்னாரோ தெரியாது.

பெரியவரைச் சக்கரக்கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தவர் அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண். அம்மாவைக் கோயிலில் கண்டு பழக்கம்.

“அக்கா! என்ன, பெட்டி பெட்டியா கொண்டு வந்திருக்கிறியள்? சாப்பிட றோல்ஸோ?”

“பாம்பு” என்றார் அம்மா.

“சும்மா போங்கோ அக்கா.”

“திறக்கட்டே?”

ரெஜிபோம் மூடி ஒரு அங்குலம் உயர்ந்ததும் அந்தப் பெண் கட்டடத்தின் கதவு வரை பின்னுக்குப் போய்விட்டார். “விசரே உங்களுக்கு! நான் இஞ்ச நிக்கிறன். முடிஞ்சா கையைக் காட்டுங்கோ, வாறன். அது உள்ளுக்குப் போனாப் பிறகு!”

பெரியவரை முன் ஆசனத்தில் ஏற்றினோம். அவர் மடியில் கம்பளி விரித்து, அவளை வைத்தேன். அவள் மெதுவாக அவருடைய கோட்டுக்குள் தலையை நுழைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கைகளால் மட்டும் பார்த்தார். கழுத்திலிருந்து வால்வரை, கொஞ்சம் கொஞ்சமாக. காயத்தின் ஓரத்தில் விரல் நின்றது. அதைச் சுற்றிவந்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்த இடத்தில் திரும்பவும் நின்றது.

பின் ஆசனத்திலிருந்து அம்மா முன்னுக்குக் குனிந்தார். “நான்” என்றார் டெனிஷில். “நான் எடுத்தேன். மிளகாய் காயப்போட. மன்னியுங்கள்.”

“மிளகாய்?”

“மிளகாய்.”

அவர் ஒரு தரம் சிரித்தார். அது இருமலாக மாறியது. பிறகு, “ஊசி யார் போட்டது?” என்று கேட்டார். அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். கட்டி ஒன்றும் இல்லை” என்றார்.

இருபது நிமிடம் அப்படியே இருந்தார். கார்க் கண்ணாடிகளில் நீர் பூத்து, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவர் அப்பாவின் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்: “காயம் மூடட்டும். அதற்குப் பிறகு, பாம்பு தெரிந்த ஒருவரிடம் அவள் போகவேண்டும். வைத்தியருக்கு அப்படி யாரையாவது தெரியுமா என்று கேள். நீ நல்ல கூடு கட்டியிருக்கிறாய். ஆனால் நீங்கள் எல்லோரும் அவளை ஒரு வாக்குறுதிக்காக வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு அது போதாது.”

மொழிபெயர்க்கலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். தேவையிருக்கவில்லை. அவர் கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து, தொழிற்சாலையில் இருவரும் பழகிய சைகை ஒன்றைச் செய்தார்: தட்டையான உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அசைத்தார். இறைச்சி ஓடிவரும் பெல்ற்றை நிறுத்து, பொறு, என்று அர்த்தம். பெரியவர் அதைக் கண்டார். பதில் சைகை செய்யவில்லை.

இன்று வரை நிலைமை இது. இப்போது பெப்ரவரி. பாம்பு உயிரோடு இருக்கிறது. ஒரு தரம் தோல் கழற்றிவிட்டது. காயத்தின் இடத்தில் மட்டும் தோல் கிழிந்து கிழிந்து வந்தது. இரண்டு தரம் சாப்பிட்டது, மூன்று தரம் மறுத்தது. எடை ஏழு கிலோ அறுநூறு. இரண்டாவது தெர்மோஸ்டாட் பூட்டியாகிவிட்டது, முதலாவது சென்சர் இரண்டு ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. வைத்தியர் கோல்டிங் நகரில் ஒருவரைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறார். முப்பது வருடமாகப் பெரிய பாம்புகள் வளர்ப்பவர், கூட்டின் படங்களைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார். அப்பா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. முதியோர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறார். புதன்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார்.